யாருக்குக் காட்டுவதற்கு இந்த நடுநிலை?

சென்ற பாடசாலை விடுமுறையில் தெஹிவளையிலுள்ள தங்கச்சியின் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். நான் கிழக்கிலங்கைக் கிராமமொன்றில் படிப்பிக்கின்ற வாத்தியார். கொழும்புக் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. அந்த வியாழக்கிழமை மாலை மச்சான்தான், "வாங்க, நல்ல பேச்சாளர்மார் வாறாங்க" என்று கூட்டிச் சென்றார். காலி வீதியோரத்து மண்டபமொன்றில் கூட்டம். மேடையில் 'நடுநிலைச் சமுதாயம்' என்று பதாகை கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பௌத்த தேரரும், ஒரு பாதிரியாரும், பொலிஸ் அதிகாரிகள் இருவரும் அமர்ந்திருந்தனர். எங்களைப் போன்றவர்களுக்குப் பின்வரிசை.

பேச்சுகள் நன்றாகவே இருந்தன. நம்மை நடுநிலையான சமுதாயமாக ஆக்கியிருப்பதாக அல்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் கூறுவதை ஒருவர் விளக்கினார். இன்னொருவர் ஸ்பெயினுக்குப் போய் வந்தார். மூன்றாமவர், இந்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் மிதவாதிகள் என்பதை ஐந்து தடவைகள் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவரது முகம் முன்வரிசையை நோக்கியே திரும்பியது. பின்வரிசையில் இருந்த எங்களிடம் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

கூட்டம் முடிந்து சாப்பாடு. கோழி, மாடு, மீன் மூன்றும் இருந்தன. சோறே மூன்று விதம். நடுநிலையைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் கேட்ட நாங்கள் அரை மணித்தியாலத்தில் கோப்பைகளில் விட்டுச் சென்ற உணவைப் பரிமாறிய பையன்கள் பெரிய கறுப்புப் பைகளில் கொட்டிக்கொண்டிருந்ததைக் கைகழுவப் போன இடத்தில் கண்டேன். என் கோப்பையும் அதில் ஒன்று. இதை எழுதுகிறவன் சுத்தமானவன் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

மறுநாள் ஜும்ஆ. பள்ளிவாசல், தங்கச்சி வீட்டிலிருந்து நடக்கக்கூடிய தூரம்தான். ஆனாலும் மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனேன். உள்ளே பிரியும் ஒழுங்கையில் இரு பக்கமும் வாகனங்கள். ஒரு வாயிற்கதவின் முன்னால் ஏற்கெனவே நான்கு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மச்சான் ஐந்தாவதாக நிறுத்தினார். "அஞ்சு நிமிஷத்துல வந்துருவமே" என்றார். ஜும்ஆ ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தொழுது முடித்து வெளியே வந்தபோது, அந்த வாயிற்கதவுக்கு உட்புறமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வயதான ஒருவர் மூச்சு முட்டியபடி அமர்ந்திருந்தார். பக்கத்தில் அவரது மனைவி, கையில் ஒரு பையும் ஆஸ்பத்திரிக் கொப்பியும். அவர்களைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த முச்சக்கர வண்டி ஒழுங்கைக்குள் நுழைய வழியின்றி முனையிலேயே நின்றுகொண்டிருந்தது. நடந்துபோக அவரால் முடியவில்லை. அரை மணித்தியாலத்துக்கும் மேலாக அவர் அப்படியே இருந்திருக்கிறார். நாங்கள் ஓடிப்போய் வாகனங்களை அகற்றினோம். மச்சான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா எங்களைப் பார்க்காமலே, "கமக் நெஹெ புத்தே" என்றார். பரவாயில்லை மகனே என்பது அதன் பொருள். அந்தப் பரவாயில்லையில் ஒரு பரவாயில்லையும் இருக்கவில்லை.

மனிதர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாளில் வீடு திரும்பினார். அல்ஹம்துலில்லாஹ். எனக்கு உறைத்த கேள்வி வேறு. பள்ளிவாசல் இருபதடி தூரத்தில் இருக்கிறது. உள்ளே வந்து ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாமே, ஏன் கூப்பிடவில்லை? இரவு தங்கச்சியிடம் கேட்டேன். "இப்ப அவங்க நம்மளோட வாய்த்தர்க்கத்துக்கு வாறதில்ல காக்கா. நாமளும் போறதில்ல. ரெண்டு பக்கமும் பயம்" என்றாள். பத்தாண்டுகளாக ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர்கள். பெருநாளுக்கு வட்டிலப்பம் போகிறது, வெசாக்குக்கு அங்கிருந்து பலகாரம் வருகிறது. ஆனால் கதவை மறித்த வண்டியை எடுக்கச் சொல்வதற்கு மட்டும் வாய் வருவதில்லை.

அவ்வாறாயின், முதல்நாள் மேடையில் யாருடைய நடுநிலையைப் பற்றிப் பேசினார்கள் என்று நான் கேட்கிறேன்.

இந்தச் சொல் நமது வாய்க்கு வந்த வழியை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அந்த நாளில், தெஹிவளையிலும் மிருகக்காட்சிச்சாலைக்கு அருகே சிறிய விடுதியொன்றில் குண்டு வெடித்து இருவர் மாண்டனர். அன்றிலிருந்து 'நீ மிதவாதியா?' என்ற கேள்வி சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பதைப் போல நம்மிடம் கேட்கப்பட்டது. நாமும் அட்டையை நீட்டினோம். கூட்டம் நடத்தினோம், பதாகை கட்டினோம், அறிக்கை விட்டோம். கேட்டவர்களுக்குக் காட்டுவதற்கென்று உருவான நடுநிலை, கேட்பவர்கள் எழுந்து போனதும் பதாகையோடு சுருட்டி வைக்கப்படுகிறது.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இக்கட்டுரையை வெட்டி எடுத்து நமக்கு எதிராகவே ஒட்டுவார்கள். 2014 ஜூனில் அளுத்கமையும் தர்கா நகரும் எரிந்ததும், 2018 மார்ச்சில் திகன எரிந்ததும், 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும் நாம் வண்டியைப் பிழையாக நிறுத்தியதால் அல்ல. எரித்தவர்கள் எரிக்க வந்தவர்கள். நாம் எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும் அவர்கள் வந்திருப்பார்கள். 2013 மார்ச்சில் ஹலால் இலச்சினை விடயத்தில் ஜம்இய்யத்துல் உலமா விட்டுக்கொடுத்தது. அடுத்த வருடமே அளுத்கம எரிந்தது. ஆகவே நடுநிலை என்பது அடி விழாமலிருக்கக் கொடுக்கின்ற கப்பம் அல்ல. கப்பமாகக் கொடுத்தால் வாங்குகிறவன் நாளை இன்னும் கேட்பான். பக்கத்து வீட்டுக் கதவை மறிக்காதிருப்பது அந்த நோயாளிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். யார் நம்மைப் புகழ்ந்தாலும் ஏசினாலும் அந்தக் கடன் குறையப்போவதில்லை.

'மிதவாதி' என்ற சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. அதை ஒரு தீவிரவாதியின் பக்கத்தில் வைத்துத்தான் அளக்கிறோம். ஸஹ்ரானைப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் நாமெல்லோரும் நடுநிலையாளர்களாகி விடுகிறோம். குண்டு வைக்காதவனெல்லாம் நடுநிலையாளன் என்றால், அதைவிட மலிவான நடுநிலை எங்கே கிடைக்கும்? அவனை நாம் சபிக்கிறோம். கூடவே அவனையே நமது அளவுகோலாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவனும் வானத்திலிருந்து விழவில்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவனுடைய ஆட்கள் வாளோடு வந்தது சூஃபி வழி நிற்கும் முஸ்லிம்களை நோக்கித்தான். அதற்கும் முன்பு, 2009 ஜூலையில் பேருவளையில் பள்ளிவாசலொன்று தாக்கப்பட்டு உயிர்கள் போயின. இரு தரப்பிலும் நாமே நின்றோம். அதற்கும் முன்பு, 2006 டிசம்பரில் காத்தான்குடியில் அடக்கப்பட்ட ஒரு ஜனாஸாவை, அவர் மார்க்கத்திலிருந்து வெளியேறியவர் என்று கூறிக் கப்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். நம்மில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தோம்? 'அவருடைய கொள்கை பிழைதானே' என்று சொன்னவர்களை எனது ஆசிரியர் ஓய்வறையிலேயே கேட்டிருக்கிறேன். கொள்கை பிழையாகவே இருக்கட்டும். மையித்து என்ன செய்தது?

பிறகு 2020 வந்தது. அந்த ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட்டில் மரணித்தவர்களை அடக்குவதற்கு அனுமதி மறுத்து எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் எரித்தார்கள். பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். நாம் அழுதோம். அழ வேண்டிய அநியாயமே அது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். ஒரு ஜனாஸாவுக்குள்ள உரிமை எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பதினொரு மாதங்கள் நமக்குப் படிப்பித்தன. ஆனால் அந்த உரிமை 2006இல் தோண்டப்பட்டவருக்கும் இருந்தது. பிறர் பறித்தபோது கண்ட உரிமையை நாமே பறித்தபோது காணவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மக்கள் மஜ்மா நகரில் தங்கள் நிலத்தைத் திறந்துகொடுத்தபோது, வந்த ஜனாஸாக்களை எந்த ஜமாஅத் என்று கேட்டு வரிசை பிரிக்கவில்லை. பிற மதத்தவரும் அங்கே அடக்கப்பட்டார்கள். நடுநிலைக்கு நான் காட்டக்கூடிய நமது காலத்து உதாரணம் அந்த மண்தான். அங்கே பதாகையும் இல்லை, முன்வரிசையும் இல்லை.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில், கரும்பலகையில் எழுதுவதற்கென்றே ஒரு விரிவுரையாளர் பல நாட்களை ஒதுக்கினார். எழுத்தின் அளவு என்ன என்று ஒரு நாள் கேட்டார். ஒருவர் மூன்று அங்குலம் என்றார், இன்னொருவர் நான்கு என்றார். அவர் எங்களில் ஒருவரைக் கடைசி வாங்கில் கொண்டுபோய் உட்காரவைத்து, "தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தால் அதுதான் அளவு என்றார். எழுதுகிறவனின் கைக்கு எது வசதி என்பது கணக்கில் வராது. இருபது வருடங்களாக அந்த ஒரு பாடத்தை நான் மறக்கவில்லை. நடுநிலைக்கும் அதே அளவுதான். அது சரியா பிழையா என்பதைக் கடைசி வாங்கில் இருப்பவர் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கையில் கடைசி வாங்கு, மூச்சு முட்டிய மனிதர் இருந்த பிளாஸ்டிக் கதிரை.

இது என்னுடைய புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அல்குர்ஆன் நடுத்தரத்தைப் பற்றிப் பேசும் இடங்களை எடுத்துப் பாருங்கள். லுக்மான் தன் மகனுக்குச் சொன்ன உபதேசத்தில் நடக்கின்ற நடையையும் பேசுகின்ற குரலையும் பற்றிச் சொல்கிறார். புர்கான் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில், செலவு செய்யும்போது விரயமும் கஞ்சத்தனமும் இல்லாதவர்களைப் பற்றி வருகிறது. சாப்பிடுங்கள், குடியுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை எல்லோருக்கும் தெரியும். நடை, குரல், காசு, சாப்பாடு. பகல் முழுக்க நோன்பும் இரவு முழுக்கத் தொழுகையுமாக இருந்த அபூதர்தாவிடம் ஸல்மான் அல்பாரிஸி சொன்னது என்ன? உன் இரட்சகனுக்கும், உன் உடம்புக்கும், உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்பதுதானே? நபிகளார் அதைச் சரி கண்டார்கள். ஒருவரின் உரிமையில் கைவைத்துச் செய்யும் வணக்கம்கூட எல்லை மீறியது என்றால், பக்கத்து வீட்டாரின் வழியில் கைவைத்துச் செய்யும் தொழுகையை என்னவென்று சொல்வது?

கலியாணங்களுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். அவ்வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முதல் வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. எனது பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தலைசுற்றி விழுந்தார்கள். பக்கத்தில் நின்று பிடித்தவன் நான். அந்த நாட்களில் கலியாணங்கள் வீட்டு முற்றத்தில், ஐம்பது பேரோடு, சஹனில் ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிட்டு நடந்தன. ஒரு கலியாணமும் நின்றுபோகவில்லை. ஒரு நிகாஹும் செல்லாமற் போகவில்லை. காசு திரும்பியதும் ஹோட்டல் மண்டபமும் திரும்பியது. வசதியுள்ளவன் செய்தால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். அவன் செய்தபின் வசதியில்லாதவன் வட்டிக்கு வாங்கிச் செய்கிறான், அதுதான் எனக்கு.

இதிலும் பெரிய விரயம் எடுப்பதில் இருக்கிறது. மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் சில ஆயிரங்களில் நிற்க, பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். 'கைக்கூலி' என்ற சொல் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இடம்பிடிக்கும் அளவுக்கு நமது வழக்கமாகிப் போயிற்று. எங்கள் பக்கத்தில் மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வாப்பாமார் மத்திய கிழக்குக்குப் போய் முதுகெலும்பு தேய்ந்து வருகிறார்கள். அவர்கள் கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டு நடுநிலை பற்றிப் பேசுகிறோம். நானும் அப்படியொரு வீட்டில்தான் குடியிருக்கிறேன். என் மகனுக்கு அப்படி எடுக்க மாட்டேன் என்பதை இந்தப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். நாளை இதைக் காட்டி என்னைக் கேளுங்கள்.

ஒலிபெருக்கி விடயமும் அப்படித்தான். வெலிகமைப் பள்ளிவாசலொன்றின் தரப்பிலிருந்து போன வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அன்று அதை மார்க்கத்துக்கு வந்த ஆபத்தாகப் பேசினோம். பாங்கு சொல்வது வேறு. இரவு பதினொரு மணிக்கு வெளி ஒலிபெருக்கியில் ஒரு மணித்தியாலம் பயான் செய்வது வேறு. உள்ளே இருக்கும் நாற்பது பேருக்காக வெளியே நானூறு வீடுகளின் தூக்கத்தைக் கலைப்பது பயானா? அந்த நானூறு வீடுகளில் பரீட்சை எழுதும் நமது பிள்ளைகளின் வீடுகளும் இருக்கின்றன.

கூட்டத்திலிருந்து வந்த இரவு தங்கச்சி இன்னொன்றும் கேட்டாள். "காக்கா, பேசினவங்கள்ல ஒருத்தராவது ஆம்புளைகளுடைய உடுப்பப் பத்திப் பேசினாங்களா?" இல்லை. இரண்டு பேர் பெண்களின் உடையைப் பற்றிப் பேசினார்கள். 2019 ஏப்ரல் 29இல் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகம் மூடுவது தடைசெய்யப்பட்டபோது, மறுநாளிலிருந்து கடைத்தெருவில் முறைப்பைச் சுமந்தவர்கள் பெண்கள். அதற்கு முந்திய காலத்தில் போதிய அளவு மூடவில்லை என்று வீட்டுக்குள்ளே ஏச்சு வாங்கியவர்களும் பெண்கள். வெளியே இருப்பவனுக்கும் உள்ளே இருப்பவனுக்கும் நமது மார்க்கத்தின் அளவை அறிய அவர்களின் துணிதான் கிடைத்தது. அவர்கள் எதை உடுத்துவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டு, ஆண்கள் நாம் நமது கண்ணையும் கோபத்தையும் சட்டைப்பையையும் அளந்தால் போதும்.

எழுதுகிற நாமும் தப்ப முடியாது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேச'னைத் தொடங்கி, ஆங்கிலக் கல்விக்காகவும் பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் வாதாடியபோது அவருக்கு எதிர்ப்பு வந்தது வெளியாரிடமிருந்து அல்ல, நம்மவரிடமிருந்து. அவர் மார்க்கத்தையும் விடவில்லை, வாதத்தையும் விடவில்லை. நடுநிலைக்கு ஒரு விலை உண்டென்றால் அது சொந்த வரிசையில் இருப்பவர்களின் முகச்சுளிப்பு. அந்த விலையைக் கொடுக்காமல், முன்வரிசை விருந்தினரின் புன்னகையை மட்டும் வாங்கி வருவதற்கு வேறு பெயர் இருக்கிறது. நமது சஞ்சிகைகளில் பெருநாள் சிறப்பிதழ் தோறும் சகோதரத்துவத்தைப் பற்றிக் கவிதை வருகிறது. ஜனாஸாவைத் தோண்டியதைப் பற்றி எத்தனை கதைகள் வந்தன? கைக்கூலி வீட்டில் இருந்துகொண்டு கைக்கூலியைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

ஊர் திரும்புவதற்கு முன் இன்னொரு வெள்ளிக்கிழமை வந்தது. மச்சானிடம், நடந்து போவோம் என்றேன். வெயிலைக் காட்டினார். நான் முன்னால் நடந்தேன், அவர் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏழு நிமிடங்கள். அந்த வாயிற்கதவின் முன்னால் அன்றும் மூன்று வண்டிகள் நின்றன. மச்சான் சற்று நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், வண்டி இலக்கங்களைச் சொல்லி அகற்றுமாறு அறிவிக்கும்படி பள்ளி நிர்வாகத்தாரிடம் கேட்டார். ஒருவர், "குத்பா தொடங்கப் போகுதே" என்றார். மச்சான், "அதான் இப்பவே சொல்றன்" என்றார். அறிவித்தார்கள். மூவரில் இருவர் எழுந்து வந்தார்கள். மூன்றாமவர் தொழுகை முடியும்வரை வரவில்லை.

அடுத்த நடுநிலைக் கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கு எனது வேண்டுகோள் ஒன்றுதான். அந்த மூன்றாமவரைத் தேடிப் பிடித்து, முன்வரிசையில் உட்காரவைத்துப் பேசுங்கள். தேரரும் பாதிரியாரும் பின்வரிசையில் இருந்து கேட்கட்டும்.